கழிவுநீரைத் தாங்கிய களிமண்

நம் லேபில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஐந்து பேருக்கும் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று ரூத் போன வாரம் போன் செய்தாள். "எப்படி டெஸ்ட் பண்றதுன்னு நான் சொல்லிக் குடுத்துக்கறேன் மேடம். நீங்க அந்தக் குளத்தோட கதைய எழுதுங்க" என்றாள்.

உங்களுக்கு ரூத் லேபின் பொறுப்பாளர். எனக்கு அவள் பதினெட்டு வருடம் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தவள். மேற்குத் தாம்பரத்தில் நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் அதே அறையில்தான் நானும் மண் பரிசோதனை செய்து, ரிப்போர்ட் எழுதி, கையெழுத்துப் போட்டு, மூன்று வருடத்துக்கு முன்னால் ஓய்வு பெற்றேன். நூற்றுக்கணக்கான ரிப்போர்ட்டுகளில் ஒன்றே ஒன்றைத்தான் திரும்ப வாங்கினேன். அந்தக் கதையைத்தான் ரூத் கேட்கிறாள்.

சிங்கப்பெருமாள் கோவிலைத் தாண்டி உள்ளே போகும் சாலையில், தோலுக்குச் சாயம் ஏற்றும் ஒரு தொழிற்கூடம் இருந்தது. பெயர் வேண்டாம். கழிவுநீரைச் சுத்தம் செய்து பெரும்பகுதியைத் திரும்பவும் வேலைக்கே எடுத்துக்கொள்வார்கள். கடைசியில் மிஞ்சுவது கரும்பழுப்பு நிறத்தில் ஒரு தண்ணீர். கடல் தண்ணீரைவிட உப்பு. அதை வெயிலில் காயவைத்து ஆவியாக்க ஒரு பெரிய குளம் வெட்டினார்கள். குளத்தின் கிழக்குக் கரையில் ஏறி நின்றால் ஒரு தெரு தெரியும். முப்பது வீடு இருக்கும். தெருவில் எல்லோரும் குடித்தது கிணற்றுத் தண்ணீர்.

அந்தக் கிணறுகளுக்கும் உப்புத் தண்ணீருக்கும் நடுவில் இருக்கப்போவது மூன்றடி களிமண். இன்றைக்கு என்றால் களிமண்ணின் மேலே கனமான பிளாஸ்டிக் விரிப்பும் போடாமல் நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். அன்றைக்கு அந்தத் திட்டத்தில் களிமண் மட்டும்தான். உள்ளூர் ஏரி மண்ணோடு பெண்டோனைட் என்ற களிமண் பொடியைக் கலந்து, ஆறு அடுக்காகப் பரப்பி, ரோலர் விட்டு இறுக்கவேண்டும். அந்தக் கலவை தண்ணீரை விடுமா, விடாதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை.

பார்த்தேன். கலவையை அச்சில் இறுக்கி, மேலே தண்ணீர் அழுத்தம் கொடுத்து, நாள்கணக்கில் விட்டேன். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் திங்கட்கிழமை நின்ற கோட்டில்தான் வியாழக்கிழமையும் நின்றது. அவ்வளவு நல்ல களிமண்ணை நான் அதுவரை பார்த்ததில்லை. "தகுதியானது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். செப்டம்பர் மாதம் அங்கே வேலை ஆரம்பித்துவிட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை நான் பையைக்கூட வைக்கவில்லை, ரூத் கூப்பிட்டாள்.

"மேடம், ஒரு நிமிஷம் இங்க வாங்களேன்."

ஜன்னல் ஓரத்தில் இரண்டு அளவு ஜாடிகள் நின்றன. ஒன்றில் பெண்டோனைட் பொங்கி, பாதி ஜாடிக்கு வழவழவென்று கூழாக நின்றது. வெளிச்சம் அதன் ஊடே மங்கலாகத் தெரிந்தது. இன்னொன்றில் கரும்பழுப்புத் தண்ணீர். அடியில் காபி வண்டல் மாதிரி கொஞ்சம் தங்கியிருந்தது. அவ்வளவுதான்.

"இது என்ன பொடி?" என்று இரண்டாவது ஜாடியைக் காட்டிக் கேட்டேன்.

"அதே பொடிதான். ஒரே பாக்கெட். ரெண்டுலயும் ரெண்டு கிராம். அதுல நம்ம போர் தண்ணி, இதுல அவங்க கழிவுத் தண்ணி. கான்கிரீட் தொட்டிய அரிக்குமான்னு பார்க்க ஒரு கேன் அனுப்பியிருந்தாங்க இல்ல, அதுலேர்ந்து எடுத்தேன்."

"யாரு பண்ணச் சொன்னா?"

"யாரும் சொல்லல. சனிக்கிழமை ஜாடி கழுவிட்டிருந்தேன். அந்தக் குளத்துல தாம்பரம் தண்ணியா நிக்கப்போகுதுன்னு தோணிச்சு. போட்டுப் பாத்தேன்."

நான் பையை வைத்துவிட்டு, பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு ஜாடிகளின் முன்னால் உட்கார்ந்தேன்.

களிமண் எப்படித் தண்ணீரைத் தடுக்கிறது என்று நீங்கள் கல்லூரியில் படித்திருப்பீர்கள். நானும் படித்ததுதான். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இதழ்கள். ஒன்றின்மேல் ஒன்றாகக் கோடிக்கணக்கில் படிந்திருக்கும். நல்ல தண்ணீர் பட்டால் ஒவ்வொரு இதழும் பக்கத்து இதழைத் தள்ளிக்கொண்டு விரியும், இடையில் தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பிடித்த தண்ணீரை விடாது. அந்தத் தண்ணீரே அடுத்து வரும் தண்ணீருக்கு வழியை அடைத்துவிடும். ஆனால் முதலில் வருவதே உப்பாக இருந்தால் இதழ்கள் விரிவதில்லை. ஒட்டிக்கொண்டு கிடக்கும். இடையில் சந்து சந்தாக வழி இருக்கும். பரீட்சையில் இதை எழுதி நல்ல மார்க் வாங்கியவள் நான். அப்படி இருந்தும், இருபது வருட வேலைக்குப் பிறகு, ஒரு கழிவுநீர்க் குளத்தின் மண்ணை நல்ல தண்ணீர் ஊற்றிச் சோதித்துக் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

வழக்கம் அப்படித்தான், எல்லா லேபிலும் தண்ணீரில்தான் செய்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையும்கூட. யாரும் என்னைக் கேள்வி கேட்டிருக்க முடியாது. இரண்டாவது ஜாடியைக் கழுவி வைத்திருந்தால் விஷயம் அந்த அறையோடு முடிந்திருக்கும். ஜாடியின் பக்கத்தில் ரூத் நின்றுகொண்டிருந்தாள்.

எங்கள் முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் வந்து ஜாடிகளை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சொன்னார், "ரூல்படி நம்ம மேல தப்பு இல்லம்மா. அது ஒரு பக்கம். ரிப்போர்ட்ல உங்க கையெழுத்து இருக்கு. வாபஸ் வாங்கணும்னாலும் உங்க கையெழுத்துதான். நான் வாங்குங்கன்னும் சொல்ல மாட்டேன், வாங்காதீங்கன்னும் சொல்ல மாட்டேன். எதைச் செஞ்சாலும் நான் உங்க பின்னால நிப்பேன்." சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. முடிவை அவர் சொல்லியிருந்தால் எவ்வளவு சுலபம்!

ஜாடிகளின் வாயில் பிளாஸ்டிக் கட்டி, ஒரு துணிப்பையில் நிறுத்தி வைத்து, தாம்பரத்தில் செங்கல்பட்டு ரயில் ஏறினேன். குலுங்கினால் வண்டல் கலங்கிவிடும் என்று மடியிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன். கூடுவாஞ்சேரியில் ஏறிய ஒரு அம்மா எட்டிப் பார்த்து, "கேழ்வரகுக் கூழா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கிச் சொல்ல அன்றைக்கு என்னிடம் தெம்பில்லை.

குளத்தங்கரையில் ரோலர் நின்றுகொண்டிருந்தது. அதை ஓட்டும் கோதண்டம் நிழலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். கிழக்குக் கரைக்கு அந்தப் பக்கம் இருந்த தெருவில்தான் அவர் வீடு. எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அதுவரை அவரோடு நான் நாலு வார்த்தை பேசியதில்லை.

நான் நேராகத் தொழிற்கூடத்து மேனேஜர் அறைக்குப் போகாமல் குளத்துக்குள் இறங்கினேன். அதற்குள் மூன்று அடுக்கு போட்டு முடித்திருந்தார்கள். வெயிலில் மேல்பரப்பு வெளுத்து, கை ரேகை மாதிரி வெடிப்பு ஓடியிருந்தது. கோதண்டம் பின்னாலேயே வந்தார்.

"இன்னா மேடம் பாக்குற? நான் மொத நாளே சொன்னேன், யாரும் காதுல போட்டுக்கல."

"என்ன சொன்னீங்க?"

"மண்ணு வேகல மேடம். அரிசி மேல வெந்து உள்ள நட்டுனு இருக்குமே, அப்டி கீது. தண்ணி கம்மியா உட்டு ஓட்டச் சொல்றாங்க. ஈரம் ஜாஸ்தியானா ரோலர் மாட்டிக்கும், வேலை லேட்டாவும்னு மேஸ்திரி கத்தறாரு. மேல பாத்தா சிமெண்டுத் தரை மாரி கீது. உள்ள பூரா கட்டி கட்டியா நிக்குது. இரு, காட்றேன்."

கடப்பாறையால் முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி போட்டார். குடத்துத் தண்ணீரை அதில் ஊற்றினார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் இறங்கியது. உள்ளே இறுகாமல் நின்ற மண்கட்டிகளின் சந்துகளில் புகுந்து எங்கோ போய்விட்டது. லேபில் நாலு நாள் ஒரு கோடு இறங்காத அதே மண்!

ஒரே காலையில் எனக்கு இரண்டு அடி விழுந்தது. பொடி உப்புத் தண்ணீரில் வேலை செய்யாது என்பது ஒன்று. அது வேலை செய்தாலும் போட்ட விதத்தில் குளம் ஒழுகும் என்பது இன்னொன்று. முதலாவதைக் கண்டுபிடித்தது ஜாடி கழுவிக்கொண்டிருந்தவள். இரண்டாவதைக் கண்டுபிடித்தது ரோலர் ஓட்டுகிறவர். பட்டம் வாங்கிய நான் இரண்டையும் கவனிக்கவில்லை.

மேனேஜர் என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். சிடுசிடுப்பானவர், ஆனால் பொய் பேசாதவர். ஜாடிகளை அவர் மேஜையில் வைத்து விஷயத்தைச் சொன்னேன். குழியைப் பற்றியும் சொன்னேன்.

"மேடம், நீங்க குடுத்த ரிப்போர்ட்ட வெச்சுத்தானே நாங்க வேலையே ஸ்டார்ட் பண்ணோம்?"

"ஆமா."

"அப்போ அது தப்பா?"

"தப்பு. என்னோட தப்பு."

"கழிவுத் தண்ணிய சேத்து வெக்கற டேங்க்ல இன்னும் அஞ்சு வாரத்துக்குத்தான் எடம் இருக்கு. அக்டோபர் கடைசியில மழை ஆரம்பிச்சிடும். மழை வந்தா டேங்க் வழியும். வழிஞ்சா எங்க போகும்? அதே தெருவுக்குத்தான் போகும். குளம் ஒழுகினாலும் கெடுதல், குளம் இல்லேன்னாலும் கெடுதல். நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க!"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பதில் கிடைக்கும்வரை என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான். ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி, அவர் எதிரிலேயே உட்கார்ந்து, இன்ன தேதியிட்ட என் ரிப்போர்ட்டை இன்ன காரணத்துக்காகத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு முறை படித்தார். தாளை வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டாவது ஜாடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

"இத்துனூண்டு இருக்கற பொடி அவ்ளோ பெருசாகுமா?" என்று முதல் ஜாடியைக் காட்டிக் கேட்டார். குரலில் சிடுசிடுப்பு குறைந்திருந்தது.

"ஆகும்."

"இதுல ஏன் ஆகல?"

சொன்னேன். இதழ்கள், உப்பு எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "ரெண்டு வாரம் தரேன். ஒரு வழியோட வாங்க" என்றார். போட்ட மண் மேலும் காயாமல் ஈரச் சாக்கு போட்டு மூடச் சொல்லி அன்றைக்கே ஆட்களை அனுப்பினார்.

அந்த இரண்டு வாரத்தில் ரூத்தும் நானும் சாப்பாட்டு நேரத்தில்கூட வேறு பேச்சுப் பேசவில்லை. கலவையை இரண்டு விதமாகச் செய்து கழிவுநீரை ஏற்றினோம். முதலாவது, பொடி அதிகம் சேர்த்தது. காய்ந்த நிலையிலேயே கழிவுநீர் பட்டது. மூன்றாம் நாளே கீழே பழுப்புச் சொட்டு விழ ஆரம்பித்தது. இரண்டாவது, சுண்ணாம்பு கொஞ்சம் சேர்த்தது. அது கொஞ்சம் தாக்குப்பிடித்தது, பிறகு அதுவும் சொட்டியது. மூன்றாவது அச்சை நாங்கள் திட்டமிட்டுச் செய்யவில்லை. ரிப்போர்ட்டுக்காக முன்பு நல்ல தண்ணீரில் ஊறவைத்துச் சோதித்த பழைய அச்சு ஒன்று கருவியிலேயே கிடந்தது. அச்சு காலியாக வேண்டுமே என்று அதைக் கழற்றப் போனேன்.

"இருங்க மேடம். இதுலயும் அந்தத் தண்ணிய விட்டுப் பாக்கலாமா? ஏற்கெனவே நல்ல தண்ணி குடிச்சு ஊறினதுதானே" என்றாள் ரூத்.

விட்டோம். மறுநாள் சொட்டவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஒரு வாரம் ஆனது. குழாயில் பழுப்புத் தண்ணீர் வைத்த கோட்டிலேயே நின்றது. காலையில் லேபைத் திறந்ததும் நாங்கள் இரண்டு பேரும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அதன் முன்னால் போய் நிற்போம். பன்னிரண்டாம் நாள் ரூத் மெதுவான குரலில், தூங்குகிற குழந்தையின் பக்கத்தில் பேசுவது போல, "விடவே மாட்டேங்குது மேடம்" என்றாள்.

அதே மண், அதே பொடி, அதே உப்புத் தண்ணீர். எதை முதலில் குடித்தது என்பதுதான் வித்தியாசம். நல்ல தண்ணீரைக் குடித்து விரிந்து, ஒன்றோடொன்று நெருக்கியடித்து நின்றுவிட்ட பிறகு, உப்பு உள்ளே புக இடம் தேடி அலைகிறது. காலப்போக்கில் உப்பும் மெதுவாக ஊறிக்கொண்டு வரும்தான். அதை யாராலும் அடியோடு நிறுத்த முடியாது. ஆனால் மூன்றடியைத் தாண்ட அதற்கு எத்தனை வருடம் ஆகும்! அதற்குள் அந்தக் குளத்தின் ஆயுளே முடிந்துவிடும்.

வழி கிடைத்தது. போட்ட மூன்று அடுக்கையும் பெயர்த்தெடுக்க வேண்டும். கட்டிகளை உடைத்து, பொடி கூடுதலாகச் சேர்த்து, நல்ல தண்ணீர் விட்டுச் சில நாள் சாக்குக்கு அடியில் ஊறவைக்க வேண்டும். குழைகிற ஈரத்தில் ரோலர் ஓட்ட வேண்டும். மழமழ உருளை இல்லை, உருளை முழுக்கக் குட்டைக் கால்கள் முளைத்த ரோலர். அது மண்ணை அமுக்காது, பிசையும். எல்லாம் முடிந்ததும் குளத்தில் முதலில் நல்ல தண்ணீர்தான் நிற்க வேண்டும். கழிவுநீர் அதற்குப் பிறகுதான்.

கடைசி வரியைப் படித்ததும் மேனேஜர் நிமிர்ந்தார். "அவ்ளோ தண்ணிக்கு நான் எங்க போவேன்?"

"மழைக்குக் காத்திருக்கணும்."

"மேடம், மழைக்கு முன்னாடி குளத்த ரொப்பணும்னு நான் துடிச்சிட்டிருக்கேன். நீங்க மழைக்கு அப்புறம்ங்கறீங்க!"

"மழை நமக்கு எதிரி இல்ல சார். முதல் தண்ணி அதுதான்."

அவர் ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. வேலையை மட்டும் ஆரம்பித்தார்.

அந்த வேலையைக் கோதண்டம் செய்ததைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஈர மண்ணில் ரோலர் இரண்டு முறை புதைந்தது. இரண்டு முறையும் திட்டிக்கொண்டே வெளியே எடுத்தார். ஒவ்வொரு அடுக்கும் முடிந்ததும் கால் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் குறுக்கும் நெடுக்கும் நடப்பார். ஓர் இடத்தில் நின்று, "இங்க இன்னொரு வாட்டி ஓட்டணும்" என்பார். நான் அந்த இடத்தில் மாதிரி எடுத்துப் பார்ப்பேன். ஒரு முறைகூட அவர் சொன்னது தவறவில்லை. ஐந்தாவது அடுக்குக்கு அப்புறம் அவர் கை காட்டாத இடத்திலும் எடுத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. அந்தக் கால்களைப் பார்த்து எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

அக்டோபர் மூன்றாவது வாரம் ஆறாவது அடுக்கும் முடிந்தது. ஈரச் சாக்கு போர்த்தி, அதன்மேல் தார்ப்பாய் போட்டோம். வானம் இருட்டுவதும் வெளுப்பதுமாகப் போக்குக் காட்டியது. மழை வரவில்லை.

மேனேஜர் போன் செய்தபோது காலை பதினோரு மணி. "டேங்க்ல இன்னும் ஒன்றரை அடிதான் மேடம். இதுக்கு மேல தாங்காது. இன்னிக்கு வால்வைத் திறக்கறேன். உங்ககிட்ட சொல்லாம பண்ணக் கூடாதுன்னு கூப்பிட்டேன்."

"நான் வர்ற வரைக்கும் மட்டும் இருங்க" என்று சொல்லிவிட்டு ஓடினேன். ரயில் வண்டலூரில் நின்றது, ஊரப்பாக்கத்தில் நின்றது, ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு யுகம் நின்ற மாதிரி இருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது மேனேஜர் குளத்தங்கரையில் வால்வின் பக்கத்தில் நின்றிருந்தார். கூடவே இரண்டு ஆட்கள். கொஞ்சம் தள்ளிக் கோதண்டம் கரையில் குந்தியிருந்தார்.

"சார், எத்தனை நாள் டிரம்மை நிறுத்த முடியும்?" என்று கேட்டேன். சாயம் ஏற்றும் டிரம்கள் ஓடினால்தான் கழிவுநீர் வரும்.

"ஒரு நாள்கூட முடியாது. ஆர்டர் நிக்குது. நாப்பது பேர் வேலை செய்யறாங்க. மழை வரும்னு எந்த தைரியத்துல நிறுத்தச் சொல்றீங்க? பத்து நாள் வரலேன்னா?"

"வரலேன்னா என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியாது. ஆனா இன்னிக்குத் திறந்தா என்ன ஆகும்னு தெரியும். மண்ணு முழுசா ஊறல. மேல் அடுக்கு உப்பை முதல்ல குடிச்சிட்டா அப்புறம் எத்தனை நல்ல தண்ணி ஊத்தினாலும் அதை மாத்த முடியாது. இதுல ரெண்டாவது சான்ஸ் கிடையாது சார்."

அப்போது கோதண்டம் எழுந்து வந்தார். சத்தம் போடவில்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சார், அதோ பச்சை பெயிண்ட் அடிச்சது என் வூடு. பின்னால கெணறு. இது எங்கயோ ஓட்ற ரோலரா இருந்தா அன்னிக்குப் பெயர்த்து மறுபடி போடச் சொன்னப்போ போயா நீயும் உன் மண்ணும்னு போயிருப்பேன். இது என் கெணத்துக்குப் போட்ட தரைனு நெனச்சித்தான் ஓட்னேன். அப்பால உன் இஷ்டம் சார்."

மேனேஜர் அந்த வீட்டைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். பிறகு ஆட்களில் ஒருவரிடமிருந்து ஸ்பேனரை வாங்கினார். போச்சு, திறக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் வால்வின் மேலிருந்த நட்டைக் கழற்றி, திருப்புகிற இரும்புச் சக்கரத்தையே தனியாக எடுத்துவிட்டார். அதைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

"இது இங்க இருந்தா நாளைக்கோ மறுநாளோ நானே திறந்துடுவேன். நீங்க எடுத்துட்டுப் போயிடுங்க மேடம். நான் போய் டிரம்மை நிறுத்தறேன்."

அந்தச் சக்கரம் எத்தனை கிலோ என்று நான் நிறுத்துப் பார்க்கவில்லை. தாம்பரம் வரை அது பையில் என் தோளை இழுத்துக்கொண்டே வந்தது. வாழ்க்கையில் யாரும் என்னை அந்த அளவுக்கு நம்பியதில்லை. அதுவும் ஒரு தடவை தப்பான ரிப்போர்ட் கொடுத்தவளை. வீட்டுக்கு எடுத்துப் போகப் பயந்து லேபில் ரூத்தின் மேஜைக்கு அடியில் வைத்தேன்.

ஆறு நாள் மழை இல்லை. அந்த ஆறு நாளும் நான் மாடியில் காயப்போட்ட துணியை எடுக்காமல் விட்டேன். நனையட்டும் என்று ஒரு கிறுக்குத்தனம். ஏழாம் நாள் மதியம் மழை பிடித்தது. தாம்பரத்தில் ரோட்டில் முழங்கால் அளவு தண்ணீர். எல்லோரும் திட்டிக்கொண்டே வண்டியைத் தள்ளினார்கள். ரூத்தும் நானும் லேப் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தோம். கோதண்டம் போன் செய்தார். மழைச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. "தார்ப்பாய், சாக்கு எல்லாம் எடுத்தாச்சு மேடம்! குடிக்குது! நல்லா குடிக்குது!" என்று கத்தியது மட்டும் கேட்டது.

டேங்க் வழியாமல் இருக்க, எடுத்த தார்ப்பாயை அதன்மேல் கட்டினார்கள். நாலு நாளில் குளத்தில் முழங்கால் அளவு மழைத்தண்ணீர் நின்றது. தண்ணீர் இறங்குகிறதா என்று பார்க்க ஒரு சின்ன ஏற்பாடு செய்தோம். பெரிய பிளாஸ்டிக் டப் ஒன்றில் அதே தண்ணீரை நிரப்பி, கல் அடுக்கி அதன்மேல் குளத்துக்குள்ளேயே நிறுத்தினோம். இரண்டிலும் ஓர் அளவுகோல். ஒரே வெயில், ஒரே காற்று, ஒரே மழை. டப்பில் ஓட்டை கிடையாது. டப்பில் எவ்வளவு குறைகிறதோ அதைவிடக் குளத்தில் அதிகம் குறைந்தால், அந்த மிச்சம் கீழே போகிறது என்று அர்த்தம். தினமும் காலையில் கோதண்டம் இரண்டையும் படித்து எனக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவார்.

பத்து நாள். இரண்டு கோடும் சேர்ந்தே ஏறின, சேர்ந்தே இறங்கின. ஒரு நூல்கூடப் பிசகவில்லை. ஒரு ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கிற மண், ஒட்டுப் போடாத ஒரு பிளாஸ்டிக் டப்பைப் போலத் தண்ணீரை ஏந்திக்கொண்டு நின்றது. கரையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தெளிந்த தண்ணீரில் மேகம் தெரிந்தது. அடியில் கோதண்டத்தின் ரோலர் பதித்த கால் தடங்கள் அப்படியே தெரிந்தன.

மறுநாள் சக்கரத்தைக் கொண்டுபோய் மேனேஜரிடம் கொடுத்தேன். மழைத்தண்ணீரை இறைத்து வெளியேற்றிவிட்டு, தரை காய்வதற்கு இடம் கொடுக்காமல் உடனே கழிவுநீரை விட்டார்கள். அவரே திருப்பினார். மூன்று வாரமாக நின்றிருந்த டிரம்கள் அன்றைக்கு மறுபடி ஓடின. புது ரிப்போர்ட்டில், எந்தத் தண்ணீரில் சோதித்தோம் என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அதற்கப்புறம் நம் லேபில் எந்தக் குளத்துக்கு மண் வந்தாலும் அந்தக் குளத்தில் நிற்கப்போகும் தண்ணீரும் ஒரு கேனில் வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் ரூத் மண்ணைத் தொடுவதில்லை. ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று நீங்கள் நினைத்திருக்கலாம்.

ஐந்து வருடம் கழித்து அந்தத் தொழிற்கூடம் வேறு ஊருக்கு இடம் மாறியது. குளத்தைக் காலி செய்து, மண்ணை முறைப்படி அப்புறப்படுத்துவதற்கு முன்னால் மேனேஜர் கூப்பிட்டார். "வெட்டிப் பாக்கறீங்களா மேடம்? எனக்கும் பாக்கணும்." ரூத்தும் நானும் போனோம். கோதண்டம் வந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. தெருக் கிணறுகளின் தண்ணீரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரூத் சோதித்துக்கொண்டுதான் இருந்தாள். எதிலும் உப்பு கூடவில்லை. ஆனால் மண்ணுக்குள் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது.

குளத்தின் நடுவில் மூன்றடி ஆழத்துக்கு நேர்செங்குத்தாக வெட்டினார்கள். நான் குழிக்குள் இறங்கி, வெட்டிய முகத்தைக் கத்தியால் சீவினேன். மேலே இரண்டு விரல் கனத்துக்குக் கரும்பழுப்பு. அதோடு நிறம் நின்றுவிட்டது. அதற்குக் கீழே நாங்கள் போட்ட அன்றைக்கு இருந்த அதே சாம்பல் நிறம். ஈரமாக, பளபளவென்று, வெண்ணெய் வெட்டின மாதிரி. அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவில் ஒரு கோடுகூடத் தெரியவில்லை. ஆறு அடுக்கும் ஒரே உடம்பாகி இருந்தது.

"நிறம் நின்னுடும். உப்புதான் ஊறிக்கினே போகும்னு சொன்னியே மேடம்?" என்றார் கோதண்டம்.

ரூத் மேலிருந்து கீழ்வரை விரல் இடைவெளியில் மண் எடுத்து, சுத்தமான தண்ணீரில் கரைத்து, உப்பை அளக்கும் கையடக்க மீட்டரை வைத்து ஒவ்வொன்றாக அங்கேயே பார்த்தாள். மேலே உப்பு அதிகம். கீழே போகப் போகக் குறைந்துகொண்டே வந்தது. முழம் தாண்டியதும் மிகவும் குறைந்தது. கடைசி ஒரு அடியில் மீட்டர் காட்டிய எண்ணைப் பார்த்துவிட்டு, மீட்டர் சரியாக இருக்கிறதா என்று இன்னொரு முறை துடைத்துவிட்டு வைத்துப் பார்த்தாள்.

"மேடம், இது அந்த மழைத்தண்ணி" என்றாள். "இன்னும் உள்ளயே வெச்சிருக்கு."

ஐந்து வருடம் அதன் தலைமேல் கடலைவிட உப்பான தண்ணீர் நின்றிருக்கிறது. வெயில் காய்ச்சியிருக்கிறது. இந்த மண் அந்த அக்டோபரில் குடித்த மழையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, கீழே ஒரு கிணற்றையும் தொடவிடாமல், யாருக்கும் தெரியாமல் அங்கே கிடந்திருக்கிறது. மேனேஜர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

கோதண்டம் குழிக்குள் இறங்கினார். மீட்டரில் அவருக்கு நம்பிக்கை இல்லை. அடி மண்ணில் ஒரு சிட்டிகை கிள்ளி, நான் "ஐயோ, வாயில வைக்காதீங்க!" என்று கத்துவதற்குள் நாக்கில் வைத்துவிட்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

"உப்பே இல்ல மேடம்" என்றார்.

பரிசோதனைக்கு வந்த எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று முதல் நாளே ரூத் உங்களுக்குச் சொல்லியிருப்பாள். அவள் சொல்வதைக் கேளுங்கள். அன்றைக்கு மட்டும் நானும் குனிந்து, அடி மண்ணைத் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு இல்லை. புது மழை பெய்யும்போது வருமே ஒரு வாசனை, அது வாய் முழுக்கப் பரவியது. நிமிர்ந்து பார்த்தால் குழியின் விளிம்பில் ரூத் என்னை முறைத்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் முறைத்தாள். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு, அவளும் குழிக்குள் இறங்கினாள்.